துணைக்கு வந்தவர்

எங்கள் காலனியில் யாராவது வெளியூர் கிளம்பினால் வாசலில் நிற்பவர்கள் "போயிட்டு வா" என்பார்கள். எல்லா ஊரிலும் சொல்வதுதான். அவர் மட்டும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "வா, போயிட்டு வரலாம்" என்பார். சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார்.

நாங்கள் எல்லோரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு உறவு முறையிலும் சித்தப்பாதான். என் கூட்டாளி செல்வத்துக்கு மாமன் முறை, ஆனாலும் அவனும் சித்தப்பா என்றான். ஒருநாள் அவருடைய சொந்த மச்சினனே தெருவில் "சித்தப்பா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காலனியில் மீசை முளைத்த பையன்கள் எல்லோருக்கும் அவர் பொதுவாகிப் போயிருந்தார்.

செந்துறை ஸ்டேஷனில் கேங்மேன் வேலை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி தள்ளுவது, ஆணி இறுக்குவது. எங்கள் ஜனத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர் என்று அன்றைக்கு அவர் ஒருவர்தான். ஒரே மகள், வேப்பந்தட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் அவரும் சின்னம்மாவும்தான்.

எனக்கு அரியலூரில் காலேஜ் கிடைத்தபோது அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு வேலை. லீவு கேட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். சித்தப்பாதான் கூட வருவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"நான்தான் பிரின்சிபாலு. உள்ள வா."

உள்ளே போய் நின்றேன்.

"என்னடா, கையக் கட்டிக்கிட்டு நிக்குற?"

கட்டியிருப்பதே எனக்குத் தெரியவில்லை.

"கீழ தொங்க விடு. அது உங்கையி. அதுபாட்டுக்குத் தொங்கட்டும்."

தொங்கவிட்டேன். யாரோ தூக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இரண்டும் இரண்டு பக்கமும் கனத்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மெல்ல மேலே வந்தது. அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் வெளியே போய் வரச் சொன்னார். அடுப்படியிலிருந்து சின்னம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பேரு கேட்டா இனிஷியலோட முழுசாச் சொல்லு. அவசரப்படாத. உம்பேரச் சொல்ல எவ்ளோ நேரம் வேணுமோ எடுத்துக்க. உக்காரச் சொன்னா உக்காந்துடு. பரவால்லீங்கன்னு சொன்ன, பல்லப் பேத்துடுவேன்."

மறுநாள் பஸ்ஸில் அவர் ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கண்ணாடி பாட்டில். தண்டவாள ஓரம் யாரோ வீசிப் போன பிராந்தி பாட்டில். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். லேபிளைச் சுரண்டியும் பாதி போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் மறித்துவிட்டார்.

"ஏன்யா, பையனச் சேக்க வரப்பகூட இது இல்லாம வர முடியாதா?"

சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. மூடியைத் திறந்து நீட்டினார். "மோந்து பாருங்கண்ணே. நல்ல கெணத்துத் தண்ணி. வெயில்ல நிக்குறீங்க, ஒரு வாய் ஊத்திக்குங்க."

வாட்ச்மேன் மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார். அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தார்.

நான் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்தபோது உச்சி தாண்டிவிட்டது. அவர் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

எந்த குரூப், எவ்வளவு பீஸ், ஒன்றும் கேட்கவில்லை. நேரே கடைக்குக் கூட்டிப் போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "நீயும் உள்ள வந்திருக்கலாம்ல சித்தப்பா?"

"நான் வந்தா எங்கை கட்டிக்கும்டா" என்றார். "பெரிய ஆபீசரப் பாத்தாப் போதும், தானா வந்து கட்டிக்கும். நானும் எவ்ளோவோ பாத்துட்டேன். அதுக்குத்தான் ஒரு கையில பையி, ஒரு கையில பாட்டிலு. ரெண்டுலயும் சாமான் இருந்தா கட்ட முடியாதுல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இப்படி யாரோடெல்லாம் போனார் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. ஒருத்தனுக்கு சிமெண்ட் ஆலையில் இன்டர்வியூ என்றால் கேட்டுக்கு வெளியே இவர் நிற்பார். ஒருத்தன் டவுன் சலூனில் முடிவெட்டிக்கொள்ளப் பயந்தால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார், படிக்க வராது. ரஞ்சன்குடிப் பக்கம் ஒருத்தனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டார் இவரைத்தான் மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்துப் பேச்சையெல்லாம் இவரிடமே பேசி முடித்துவிட்டார்கள். உண்மையான அப்பா ஓரத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் பெரிய சண்டை. "எனக்குப் பேச வாய் இல்லையா?" என்று அவர் குதிக்க, "பேச வேண்டிய நேரத்துல மிக்சர வச்சிருந்தியேடா வாயில" என்றார் சித்தப்பா.

சின்னம்மாவுக்கு இதிலெல்லாம் வருத்தம் உண்டு. "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் தொணைக்குப் போற மனுசன். எம்மவ பொறந்தப்ப நான் ஆஸ்பத்திரிக்கு ஒத்தையில மாட்டுவண்டியில போனேன். கேளு, எங்க இருந்தாருன்னு கேளு" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். ரயில் டூட்டியில் இருந்தார் என்பதுதான் பதில். ஆனால் அதை அவர் சொல்ல மாட்டார்.

நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஊர்த் திருவிழா வந்தது. சாமி புறப்பட்டால் முன்னால் போய்ப் பறையடிப்பது எங்கள் தெருக்காரர்கள் வேலை. அடித்து முடித்தால் எல்லைக்கல் அருகே நின்று நெல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த வருஷம் பையன்கள் கூடிப் பேசினோம். அடிக்க மாட்டோம் என்று முடிவாயிற்று. முடிவெடுத்தது சுலபமாக இருந்தது. ஊர்த்தெருவுக்குப் போய் அதை யார் சொல்வது என்றபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அப்பன்மார்கள், "சொல்லாமயே இருந்துடுங்கடா, அன்னைக்கு ஒடம்பு சரியில்லன்னுடலாம்" என்றார்கள்.

சித்தப்பா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அடிக்க மாட்டோம்னு சொல்லணும், அவ்ளோதான? ஒடம்பு சரியில்லன்னா அடுத்த வருசம் சரியாப் போயிடும்ல. வா, போயிட்டு வரலாம்."

போனோம். கோயில் மைதானத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வம்தான் பேசினான். எங்களில் துடியானவன் அவன். சித்தப்பா பையும் பாட்டிலுமாக எங்களுக்குப் பின்னால் நின்றார். "செரி, பாத்துக்கறோம்" என்று அவர்கள் சொன்னார்கள். அந்தக் குரல் நன்றாக இல்லை.

திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து பேண்டு செட் வந்தது. கடைசி நாள் மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் வாய்ச்சண்டையாகத் தொடங்கியது சாயங்காலத்துக்குள் கல்வீச்சாகிவிட்டது. அந்தப் பக்கமும் எறிந்தார்கள், இந்தப் பக்கமும் எறிந்தோம். எங்கள் தெருவில் மூன்று கூரைகள் எரிந்தன. ஊர்த்தெருவில் கோவிந்தராசு என்பவருக்கு இடது கண்ணில் கல் பட்டுக் கண்ணே போய்விட்டது. அவரும் கல்லெடுத்தவர்களில் ஒருவர்தான். ஆனால் கண் போனது அவருக்கு மட்டும்.

விடிந்ததும் போலீஸ் வேன் வந்தது. கையில் கிடைத்த பையனையெல்லாம் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்து முந்திரிக்காட்டுக்குள் ஓடினோம். இரண்டு நாள் அங்கேதான். காலனியில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். வேன் வந்து வந்து போயிற்று.

மூன்றாம் நாள் காலை சித்தப்பா காட்டுக்குள் வந்தார். கூடை நிறைய இட்லி, ஒரு குடம் தண்ணீர், ஒரு சவரக்கத்தி.

"தின்னுட்டு ஒவ்வொருத்தனா மொகத்த வழிச்சுக்குங்கடா. உங்கம்மாங்ககிட்ட தோச்ச சட்ட கேட்டிருக்கேன்."

"எங்க போறோம் சித்தப்பா?"

"ஸ்டேசனுக்கு."

எல்லோரும் கத்தினோம். செல்வம் எழுந்து போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஓடுனா, ஓடுனவன்தான் செஞ்சான்னு எழுதிப்புடுவாங்க. புடிச்சிக்கிட்டுப் போனா எந்த நேரம், எந்த ஸ்டேசன், ஒண்ணும் நமக்குத் தெரியாது. நாமளா நடந்து போனா ஊரே பாக்கும். பகல்ல போவோம். நானும் வரேன்ல?"

பட்டப்பகலில், தலை சீவி, சட்டைப் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு, கடைத்தெரு வழியாக நடந்தோம். பின்னால் அம்மாக்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது, யாரும் பேசாததைத் தவிர.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "யாருய்யா நீ? தலைவரா?"

"இல்லீங்கய்யா. ரயில்வேல கேங்மேன். இவனுங்களோட வந்திருக்கேன்."

"கொண்டாந்து விட்டுட்டல்ல? கெளம்பு."

"இவனுங்களோடதாங்கய்யா போவணும்."

"ரெண்டு நாளாகும்."

"லீவு சொல்லிட்டு வந்திருக்கேங்கய்யா."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

எங்களை ஒரு நீள அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியே ரோட்டுக்கு எதிர்ப்புறம் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் அந்த இடத்தைத் தேடித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் திரும்பியபோதும் நகரவில்லை. திட்டினார்கள், மிரட்டினார்கள், ஆனால் எங்கள்மேல் ஒரு அடி விழவில்லை. அவர் அங்கே இருந்ததால்தான் விழவில்லையா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது. சட்டை தெரிகிறதா, தெரிகிறதா என்று மாற்றி மாற்றி எட்டிப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் எங்களை விட்டார்கள். பாலு, முருகேசன் இரண்டு பேரைத் தவிர. கோவிந்தராசு கண் கேஸில் அவர்கள் பெயரை எழுதி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் அன்றைக்குக் கல்லைக் கையால்கூடத் தொடவில்லை. பற்றிய கூரை வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். சித்தப்பா திருச்சி ஜெயில் வரைக்கும் அவர்கள் போன வண்டிக்குப் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனார்.

அவர் இல்லாத அந்த நாளில்தான் சின்னம்மா எனக்கு அவருடைய தம்பி கதையைச் சொன்னாள். புளி கொட்டை நீக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவுருக்கு ஒரு தம்பி இருந்தான் தெரியுமா? உனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ அப்பப் பொறக்கல. கெணத்து மோட்டார் திருடு போச்சுன்னு விசாரிக்க ஸ்டேசனுக்கு வரச் சொன்னாங்க. இவுரு டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டிருந்தாரு. அவன் வாசல்ல வந்து நின்னு, 'அண்ணே, நீயும் வரியா'ன்னு கேட்டான். 'நீதான் ஒண்ணும் செய்யலியே, போயிட்டு வா'ன்னு இவுரு அனுப்பிட்டாரு. நாலு நாள் கழிச்சு வந்தான். வந்தவன் யாருகூடவும் பேசல. செவுத்தப் பாத்து உக்காந்திருப்பான். அந்த வருசமே போயிட்டான். மோட்டார எடுத்தது மோட்டார்காரன் மருமகனேதான்னு பின்னால தெரிஞ்சுது."

கொட்டையை எடுத்துத் தனியே போட்டாள். "நான் திட்டுறேனே தவிர, போவாதன்னு ஒருநாளும் சொன்னதில்ல. பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை.

கோவிந்தராசு கண்ணில் பட்ட கல்லை எறிந்தது செல்வம். எங்களில் சில பேருக்கு அது தெரியும். யாரும் வெளியே பேசவில்லை. பாலுவுக்கும் முருகேசனுக்கும் ஜாமீன் கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனது. முருகேசனின் அம்மா தினமும் தெருவில் நின்று பொதுவாக அழுவாள். செல்வம் சாப்பிடுவதை விட்டான். ஒருநாள் தண்டவாளத்து ஓரமாகவே நடந்துபோய், வேலையில் இருந்த சித்தப்பாவைப் பிடித்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செல்வம் எனக்குச் சொன்னது.

"நான்தான் சித்தப்பா."

"தெரியும்டா."

"யாரு சொன்னா?"

"காட்டுல மரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னியே."

செல்வம் ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டான். "நான் என்ன செய்யட்டும்?"

"அத நான் சொல்ல மாட்டேன். எங்க போறன்னு சொல்லு. நான் வரேன்."

"திருப்பூருக்குப் போயிடலாம்னு இருக்கேன். பனியன் கம்பெனில எங்க சின்னாயி மவன் இருக்கான்."

"செரி. நாளைக்குக் காலையில வா."

செல்வம் நம்பவில்லை. காலையில் வந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையும் பாட்டிலுமாக அவர் நிற்கிறார். அரியலூரில் தெரிந்த போலீஸ்காரர்கள் இருப்பார்கள் என்று குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸில் பெரம்பலூர் போனார்கள். வழியெல்லாம் சித்தப்பா சோளம் எப்படி வந்திருக்கிறது, பருத்தி எப்படி வெடித்திருக்கிறது என்றுதான் பேசினாராம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டார்கள். திருச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். செல்வம் எழுந்திருக்கவில்லை.

"பஸ்ஸு வந்துட்டு" என்றார் சித்தப்பா.

"அடுத்ததுல போவலாம்."

அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சித்தப்பா பக்கத்தில் நின்ற ஒரு குழந்தைக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்க போயி எப்புடி சித்தப்பா தூங்குவேன்?" என்றான் செல்வம்.

அவர் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"அரியலூருக்கே போயிடலாம். கோர்ட்டுல போயி சொல்லிடறேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்."

"அப்ப நேரா ஸ்டேசனுக்கு வேணாம். வக்கீலப் பாத்துட்டு கோர்ட்டுக்கே போவோம்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "அங்க கையக் கட்டாத."

அரியலூர் பஸ்ஸில் ஏறும்போது செல்வம் கேட்டானாம். "நெசமாவே திருப்பூருக்கு வந்திருப்பியா?"

"டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக்கிட்டுத்தான்டா வந்தேன்" என்றிருக்கிறார்.

செல்வம் சரணடைந்த செய்தி வந்ததும் காலனி இரண்டாகப் பிளந்தது. நம்ம பையனை நாமே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று பாதிப் பேர். கூரை எரித்தவன் ஒருத்தனாவது சரணடைந்தானா என்று கேட்டார்கள். செல்வத்தின் அம்மா சித்தப்பா வீட்டு வாசலில் மண்ணை வாரி இறைத்தாள். அவர் வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். தலையெல்லாம் மண்.

"அவன் செஞ்சான். செரி. செஞ்சவன்னா தனியாவா போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

பாலுவும் முருகேசனும் வெளியே வந்தார்கள். செல்வத்துக்கு மூன்று வருஷம் தண்டனை ஆயிற்று. பார்க்க அனுமதிக்கும் நாளில் சித்தப்பா லீவு எடுத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்புவார். பஸ் ஸ்டாப்பில் செல்வத்தின் அம்மாவும் வந்து நிற்பாள். அவளுக்கு வழி தெரியாது, எழுத்து தெரியாது, அவரோடு பேசவும் மாட்டாள். அவர் நடக்கும் பக்கம் பின்னாலேயே நடப்பாள். ஒரு வருஷம் போனபிறகு ஒருநாள், "வெத்தல இருக்கா?" என்று கேட்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வம் விடுதலையானபோது நான் படிப்பு முடித்துச் சேலத்தில் வேலையில் இருந்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது செல்வம் மாறியிருந்தான். நிதானமாகப் பேசினான். சித்தப்பாவோடு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று சொன்னான்.

"கோவிந்தராசு வூட்டுக்குப் போவணும் சித்தப்பா."

"எதுக்கு? மன்னிப்பு கேக்கவா?"

"தெரியல. போவணும்."

அவர் முகம் வாடியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் உடனே கிளம்பியவர் இதற்கு மெதுவாகத்தான் எழுந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நானும் போனேன்.

கோவிந்தராசு வீட்டு முன்னால் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி சத்தம் போட ஆரம்பித்தாள். "இரு" என்று அவளை நிறுத்தினார். நிமிர்ந்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒற்றைக் கண்ணால் செல்வத்தைப் பார்த்தார். இடது கண்ணில் செயற்கைக் கண். சரியாகப் பொருந்தாமல் ஓரமெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு வந்த?"

செல்வம் வாயைத் திறந்தான், மூடினான். தெருவில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

கோவிந்தராசு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். வயதில் சின்னவர்தான், ஆனாலும் நீ என்றுதான் பேசினார்.

"நீ எதுக்கு வந்த?"

"தொணைக்குங்க."

"கோர்ட்டுக்கும் நீதான வந்த. பெஞ்சுல உக்காந்திருப்ப. பாத்திருக்கேன்." அவர் துண்டை உதறினார். "எனக்கு ஆஸ்பத்திரிக்கு எவன் வந்தான்? அன்னைக்கு எங்கூட நின்னு எறிஞ்சானுங்களே, ஒருத்தன் வந்தானா? திருச்சிக்குக் கண்ணக் காட்ட நான் ஒத்தையிலதான் போறேன், வாரேன். ஒரு பக்கம் வண்டி வரது தெரியாம ரெண்டு தடவ அடிபட இருந்தேன்."

கூடி நின்றவர்களில் சிலர் நகர்ந்து போனார்கள்.

"அடுத்தது எப்பப் போவணுங்க?" என்று கேட்டார் சித்தப்பா.

கோவிந்தராசு நீண்ட நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் மனைவி கடலையைக் கிளறத் தொடங்கினாள். நாங்கள் திரும்பி நடக்க ஆரம்பித்தபோது, தலை நிமிராமல், கடலையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"வர வெள்ளிக்கெழம போவணும். கண்ண மாத்தணும்னு சொல்லியிருக்காங்க."

அந்த வெள்ளிக்கிழமை நான் ஊரில்தான் இருந்தேன். காலையில் சித்தப்பா கிளம்பிப் போனார். பஸ் ஸ்டாப்பில் கோவிந்தராசு இவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முன்வாசலில் ஏறியதாகவும், இவர் பின்வாசலில் ஏறியதாகவும் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். பகல் முழுக்க செல்வம் சித்தப்பா வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. செல்வம் எழுந்து நின்றான். சின்னம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல."

"ஆஸ்பத்திரியில?"

"நான் வெளியில இருந்தேன். அவுரு உள்ள போனாரு, வந்தாரு. புதுக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ரோடு தாண்டறப்ப அந்தப் பக்கமா நடந்தேன். வேணாம்னு சொல்லல."

"அவ்ளோதானா?"

"வரப்ப பஸ்ஸுல கூட்டம். ஒரே சீட்டுதான் கெடச்சுது. பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். புள்ளம்பாடி தாண்டினதும் தூங்கிட்டாரு." வலது தோளை இடது கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டார். "தல எந்தோள்ல சாஞ்சிடுச்சு. அரியலூர் வர வரைக்கும் நான் அசையவே இல்ல."